அப்பா சேர்த்த தபால்தலையும் கேமராவும்: ஏலத்தில் விடுவதா, விலை போட்டு விற்பதா?

கேள்வி இதுதான்: அப்பா பல வருடங்களாகச் சேர்த்து வைத்த தபால்தலை ஆல்பங்கள், ஒரு டப்பா நிறையப் பழைய நாணயங்கள், யாஷிகா மேட்-124ஜி, அக்ஃபா கிளிக் III என்று இரண்டு பழைய ஃபிலிம் கேமராக்கள். வீட்டில் யாருக்கும் இதில் ஆர்வமில்லை. இணையத்தில் விற்றுவிடலாம் என்று இருக்கிறீர்கள். ஏலத்தில் விட்டால் அதிகம் கிடைக்குமா, ஃபிக்ஸட் ரேட் போட்டால் அதிகம் கிடைக்குமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமராக்களுக்கு விலை போடுங்கள். ஆல்பத்தில் தேறக்கூடிய நாலைந்து தலைகள் இருந்தால் அவற்றை மட்டும் தனியே எடுத்து ஏலத்துக்கு விடுங்கள். மிச்சத்தை மொத்தமாகத் தள்ளிவிடுங்கள். நாணயங்களை இப்போதைக்கு வெளியே எடுக்கவே வேண்டாம், அதில் சட்டச் சிக்கல் இருக்கிறது.

இனி காரணம். ஏலம் என்றதும் கூட்டமும், ஒருவர் மேல் ஒருவர் கேட்க, "ஒரு தரம், இரண்டு தரம்" என்று விலை ஏறிக்கொண்டே போவதும்தான் நினைவுக்கு வரும். ஜெயிப்பவர்தான் விலையைத் தீர்மானிக்கிறார் என்று தோன்றும். ஆனால் விலை அவர் கையில் இல்லை. அவரிடம் தோற்ற கடைசி ஆளின் கையில் இருக்கிறது. உங்கள் பொருளுக்கு ஒருவர் 20,000 ரூபாய் வரை கொடுக்கத் தயார், அவருக்கு அடுத்தவர் 6,000-க்கு மேல் போகமாட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஏலம் 6,000-ஐத் தாண்டி ஒரு படி ஏறியதும் நின்றுவிடும். முதலாமவர் மனதில் இன்னும் 14,000 இருந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதே பொருளை 15,000 என்று விலை போட்டு வைத்திருந்தால் அவர் வாங்கியிருப்பார்.

ஈபே என்ற அமெரிக்க இணைய ஏலத் தளத்தில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். வாங்குபவர் தன் உச்ச விலையை ரகசியமாகப் பதிந்துவிடலாம். அடுத்தவரை முந்தத் தேவையான அளவுக்கு மட்டும் தளம் அவர் சார்பில் கேட்டுக்கொண்டே போகும். ஆக, கடைசியில் அவர் கொடுப்பது இரண்டாமவரின் உச்சத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். இந்த முறையின் தர்க்கத்தை வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1961-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார், 1996-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கத் தபால்தலை வியாபாரிகள் 1890களிலேயே இதைச் செய்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் தங்கள் உச்ச விலையைக் கடிதத்தில் எழுதி அனுப்புவார்கள். அதிகம் எழுதியவருக்குப் பொருள் போகும், ஆனால் இரண்டாவது விலையை ஒட்டித்தான் பணம் வாங்குவார்கள். உங்கள் அப்பாவின் பொழுதுபோக்குக்குள்ளேயே இந்த உத்தி இருந்திருக்கிறது.

அதனால் ஏலமா, விலையா என்று யோசிப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. என் பொருளுக்கு இரண்டாவது ஆள் இருக்கிறாரா? இருந்தாலும், நான் ஏலம் விடும் அந்த ஒரு வாரத்தில், நான் விடும் இடத்தில் அவர் இருப்பாரா? ஜெரமி புலோ, பால் கிளெம்பெரர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1996-இல் கணக்குப் போட்டே காட்டினார்கள்: விற்பவர் எவ்வளவு சாமர்த்தியமாகக் குறைந்தபட்ச விலை வைத்தாலும், கூடுதலாக ஒரே ஒரு ஆளை ஏலத்துக்குக் கூட்டி வருவதால் வரும் லாபத்துக்கு அது ஈடாகாது.

போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்தைப் பாருங்கள். ஸ்பைசஸ் போர்டின் (மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியம்) மையத்தில் வியாபாரிகள் கணினி முன் உட்கார்ந்து ஒவ்வொரு லாட்டாக, அதாவது ஒவ்வொரு சரக்குத் தொகுதியாகக் கேட்கிறார்கள். மாதிரியைக் கையில் வாங்கி நிறமும் பருமனும் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு விவசாயியின் சரக்கும் தரத்தில் கொஞ்சம் மாறும் என்பதால் முன்கூட்டியே ஒரே விலை சொல்ல முடியாது. ஆனால் வாங்க வந்தவர்கள் எல்லாம் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருக்கிறார்கள். இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள், பத்தாவது ஆள் வரைக்கும் நிச்சயம். ஏலம் அங்கே செழிப்பதற்கு அதுதான் காரணம். உங்கள் யாஷிகாவுக்கு அப்படி ஒரு கூடம் இல்லை.

இணைய ஏலம் ஆரம்பித்த காலத்தில் அந்தக் கூடம் இருந்தது. 1995 செப்டம்பரில் பியர் ஒமிட்யார் ஆக்‌ஷன்வெப் என்ற பெயரில் இன்றைய ஈபே தளத்தைத் தொடங்கியபோது முதலில் விற்றது ஓர் உடைந்த லேசர் பாயின்டர், 14.83 டாலருக்கு. உடைந்த லேசர் பாயின்டருக்கு மார்க்கெட் விலை என்ன என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது, அதனால் ஏலம்தான் சரி. அப்புறம் அதே தளத்தில் புதுப் பொருட்கள் குவிந்தன. ஒரே மாதிரி போன், ஒரே மாதிரி சிடி, ஆயிரக்கணக்கில். ஏழு நாள் காத்திருந்து அதை ஏலம் கேட்க யாருக்குப் பொறுமை? ஈபே 2000-இலேயே 'இப்போதே வாங்கு' பொத்தானைக் கொண்டுவந்துவிட்டது. இன்று அங்கே நடக்கும் வியாபாரத்தில் பெரும்பகுதி நிலையான விலையில்தான் நடக்கிறது. நம் நாட்டில் 2004-இல் பாஸீ டாட் காம் என்ற இந்திய ஏலத் தளத்தை வாங்கி ஈபே கடை விரித்தது. 2017-இல் ஈபே இந்தியா ஃபிளிப்கார்ட் கைக்குப் போனது, 2018 ஆகஸ்டில் மூடியாயிற்று. உள்ளூரில் பொதுமக்கள் ஏலம் விட ஒரு பெரிய பொது மேடை என்பது அதோடு போய்விட்டது.

லிரான் ஐனவ், ஜொனாதன் லெவின் முதலானவர்கள் ஈபேயின் விற்பனைப் பதிவுகளை வைத்துச் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் கேள்விக்கு நேரடியான பதில். ஒரே விற்பனையாளர் ஒரே பொருளை ஏலத்திலும் விட்டு, நிலையான விலையிலும் போட்ட சந்தர்ப்பங்களைப் பொறுக்கி எடுத்து ஒப்பிட்டார்கள். சராசரியாக ஏலத்தில் கிடைத்த விலை குறைவு, ஆனால் விற்றுப்போகும் வாய்ப்பு அதிகம். ஏலம் என்பது சீக்கிரம் கைகழுவக் கொடுக்கும் தள்ளுபடி என்று இதைப் புரிந்துகொள்ளலாம். வீடு காலி செய்ய வேண்டும், மாத முடிவுக்குள் எல்லாம் போக வேண்டும் என்றால் அந்தத் தள்ளுபடி நியாயமானதுதான். உங்களுக்கு அவசரம் இல்லை என்று தெரிகிறது, பிறகு எதற்குக் கொடுக்க வேண்டும்?

இப்போது கேமராவுக்கு வருவோம். யாஷிகா மேட்-124ஜி உலகம் முழுக்க ஏராளமாக விற்ற கேமரா. இன்றும் ஃபிலிம் போட்டுப் படம் எடுப்பவர்கள் தேடுகிறார்கள். அதாவது விலை ஏற்கெனவே தெரிந்த பொருள். ஈபேயின் சர்வதேசத் தளத்தில் தேடிவிட்டு, 'விற்றவை' என்ற வடிகட்டியைப் போட்டால் கடந்த மூன்று மாதத்தில் உண்மையில் எவ்வளவுக்குப் போயிருக்கிறது என்று பார்க்கலாம். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், அது அவரவர் ஆசை. விற்ற விலையில் அனுப்பும் செலவு, சுங்கம் எல்லாம் கழித்து, உள்ளூர் கேமரா குழுக்களில் போன விலையோடு ஒப்பிட்டு ஒரு எண்ணுக்கு வாருங்கள்.

அந்த எண்ணை மேலே கீழே இழுப்பது நிலைமை. லென்ஸில் ஃபங்கஸ் இருக்கிறதா (நம் ஊர் ஈரப்பதத்தில், தோல் உறையோடு பீரோவில் கிடந்த கேமராவில் அனேகமாக இருக்கும்), மெதுவான ஷட்டர் வேகங்கள் இழுக்கிறதா, உள்ளே இருக்கும் ஒளிமானி வேலை செய்கிறதா. அந்த மீட்டர் பாதரச பேட்டரிக்காகச் செய்தது, இப்போது அந்த பேட்டரி தயாரிப்பில் இல்லை, அதனால் மாற்று பேட்டரி போட்டால் அளவு கொஞ்சம் தப்பும் என்பதை வாங்குபவர் அறிந்திருப்பார். நீங்களும் அறிந்து எழுதினால் நம்பிக்கை வரும். லென்ஸுக்குள் டார்ச் அடித்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத பழுதுக்கு வாங்குபவர் மனதுக்குள் கழித்துக்கொள்ளும் தொகை, உண்மையான பழுதுக்குக் கழிப்பதைவிட எப்போதும் பெரியது.

எவ்வளவு போடுவது? நீங்கள் கணித்த விலைக்கு ஐந்தில் ஒரு பங்கு மேலே வைத்து ஆரம்பியுங்கள். பேரம் பேச வருபவருக்கு இடம் வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் இறக்குங்கள். போட்ட அரைமணி நேரத்தில் மூன்று பேர் "ஓகே, ஜிபே பண்ணட்டுமா" என்று வந்தால் குறைத்துப் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். அப்போது முதலில் வந்தவருக்குக் கொடுத்துவிடுங்கள், அங்கேயே ஏலம் ஆரம்பித்தால் பெயர் கெடும். இப்படி மேலிருந்து இறக்கி வருவதும் ஒருவகையில் ஏலம்தான். நெதர்லாந்தில் ஆல்ஸ்மீர் பூச்சந்தையில் விலை மேலிருந்து கீழே இறங்கி வரும், முதலில் பொத்தானை அழுத்துபவருக்குப் பூ. அங்கே சில விநாடியில் முடிவதை நீங்கள் இரண்டு மாதத்தில் செய்கிறீர்கள். இதில் ஒரு நன்மை: இரண்டாவது ஆள் தேவையில்லை. உண்மையாக வேண்டும் என்று நினைக்கும் ஒரே ஒருவர் போதும்.

அக்ஃபா கிளிக் III பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நம் நாட்டில் ஏராளமான வீடுகளில் இருந்த கேமரா. அலமாரியில் அழகுக்கு வைக்க வாங்குவார்கள். சிறிய விலை போட்டு விற்றுவிடுங்கள், அல்லது நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

தபால்தலைதான் சுவாரசியம். முதலில் ஒரு ஏமாற்றத்துக்குத் தயாராக இருங்கள். எழுபதுகள், எண்பதுகளின் நினைவுத் தலைகளும் முதல்நாள் உறைகளும் லட்சக்கணக்கில் அச்சானவை, எல்லோரும் பத்திரமாகச் சேர்த்தவை. எல்லோரும் சேர்த்தது எதுவும் அரிதாகாது. அவற்றைத் தனித்தனியாக ஏலம் விட்டால் ஒரு தலைக்கு நீங்கள் செலவழிக்கும் நேரம்கூடக் கட்டுப்படியாகாது. ஆல்பத்தோடு, "1970-85, மின்ட் (பயன்படுத்தாதவை), இத்தனை தலைகள்" என்று எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து மொத்த விலைக்குப் போடுங்கள்.

ஆனால் முழுசாகத் தள்ளுவதற்கு முன் அப்பாவின் ஆல்பத்தில் 1947-ஐ ஒட்டிய பக்கங்களை நிதானமாகப் பாருங்கள். 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான காந்தி வரிசையில் நான்கு தலைகள்: ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் அச்சிட்டவை. பத்து ரூபாய்த் தலைதான் விலை போவது, போலிகள் அதிகம் உலவுவதும் அதில்தான். அதே தலையில் 'சர்வீஸ்' என்று மேலச்சு குத்தியவை கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்காக மிகக் குறைவாக அடித்தவை. அவற்றில் நான்கு சேர்ந்த ஒரு துண்டை ஸ்டான்லி கிப்பன்ஸ் என்ற லண்டன் தபால்தலை நிறுவனம் 2017-இல் 5 லட்சம் பவுண்டுக்கு விற்றது. உங்கள் ஆல்பத்தில் அது இருக்காது. சாதாரணப் பத்து ரூபாய் இருக்கலாம்.

இருந்தால், அது ஏலத்துக்குத் தகுதியான பொருள். கேட்டலாகில் விலை இருந்தாலும், பசை எப்படி இருக்கிறது, ஹிஞ்ச் (தலையை ஆல்பத்தில் ஒட்டும் சிறு பசைத் துண்டு) ஒட்டிய தடம் உண்டா, துளை விளிம்பு முழுசா, சான்றிதழ் உண்டா என்பதைப் பொறுத்து அது பல மடங்கு மாறும், அதை உங்களால் நிர்ணயிக்க முடியாது. வேண்டும் என்பவர்களும் ஒருவர் இருவர் இல்லை. விலையும் உங்களுக்குத் தெரியாது, ஆட்களும் உண்டு: இந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஏலம். முதலில் ஒரு நிபுணரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்குங்கள். அப்புறம், அச்சிட்ட பட்டியல் போட்டு ஏலம் நடத்தும் பழைய நிறுவனங்களிடம் கொடுப்பது நல்லது. கமிஷன் வலிக்கும். ஆனால் அந்தக் கமிஷனுக்கு அவர்கள் தருவது அந்தக் கூடத்தை, அதாவது உங்களால் தேடிப்பிடிக்க முடியாத இரண்டாவது ஆளையும் மூன்றாவது ஆளையும்.

நடுத்தர விலைத் தலைகளுக்கு ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழு ஏலங்கள் இருக்கின்றன. "பேஸ் 200, இன்க்ரிமென்ட் 20, ஞாயிறு இரவு 9 மணிக்கு க்ளோஸ்" என்று போடுவார்கள், அதாவது ஆரம்ப விலை 200, ஒவ்வொரு முறையும் 20 ஏற்றிக் கேட்க வேண்டும். நன்றாக நடக்கும் குழுக்கள் உண்டு, ஆனால் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சின்னக் குழுவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். "இதை நீ எடு, அதை நான் எடுக்கிறேன்" என்று தனிச் செய்தியில் பேசிவைத்து சிண்டிகேட் போட்டுவிட்டால், வெளியாளான உங்கள் பொருள் அடிமாட்டு விலைக்குப் போகும். கண்டுபிடிக்கவும் முடியாது. ஆகவே விடுவதற்கு முன் இரண்டு மூன்று வாரம் சும்மா உட்கார்ந்து கவனியுங்கள். ஒரு லாட்டுக்கு எத்தனை பேர் கேட்கிறார்கள், எப்போதும் அதே இரண்டு பெயர்தானா? மூன்று பேருக்குக் குறைவாகக் கேட்கும் குழுவில் ஏலம் விடவே வேண்டாம், விலை போட்டே விற்கலாம்.

ஆரம்ப விலையைக் குறைத்து வைத்தால் ஆட்கள் வருவார்கள், விலை தானாக ஏறும் என்பார்கள். கூட்டம் உள்ள இடத்தில் அது உண்மை. கூட்டம் இல்லாத இடத்தில் பேஸ் 1 ரூபாய் என்றால் 1 ரூபாய்க்கும் போகலாம், போனால் கொடுத்தாக வேண்டும். என் வழக்கம்: இந்த விலைக்குக் கீழே போனால் நானே வைத்துக்கொள்வேன் என்று மனதில் ஒரு தொகை இருக்குமே, அதையே பேஸாக வைத்துவிடுவது. அந்தத் தொகையே உங்களுடைய இரண்டாவது ஆள், வேறு யாரும் வராவிட்டாலும் அதற்குக் கீழே விலை இறங்காது. ரகசியக் குறைந்தபட்ச விலை வைத்து, "ரிசர்வ் எட்டவில்லை" என்று கடைசியில் சொல்வது கேட்பவர்களைக் கடுப்பேற்றும்.

முடியும் நேரமும் முக்கியம். ஆல்வின் ராத், ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அப்போது அமேசான் நடத்திவந்த ஏலங்களையும் ஈபே ஏலங்களையும் ஒப்பிட்டார்கள். ஈபேயில் மணி அடித்தால் முடிந்தது. அமேசானில் கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் மேலும் பத்து நிமிடம் நீளும். ஈபேயில்தான் கடைசி விநாடிக் கேட்பு மிக அதிகம், அதிலும் கணினிப் பொருட்களைவிடப் பழம்பொருட்களில் அதிகம். காரணம் புரியக்கூடியதே. விஷயம் தெரிந்தவர் முன்கூட்டியே கேட்டால், "இவரே கேட்கிறாரா, அப்போ ஏதோ இருக்கு" என்று மற்றவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு கடைசி வரை இருப்பார். வாங்குபவருக்கு அது புத்திசாலித்தனம், விற்பவருக்கு நஷ்டம். எனவே கடைசி ஐந்து நிமிடத்தில் கேட்பு வந்தால் இன்னொரு ஐந்து நிமிடம் நீளும் என்ற விதி உள்ள குழுவாகப் பாருங்கள். ஈபேயில் அமெரிக்க வாங்குபவர்களுக்கு விற்பவர்கள் பலரும் அவர்களுடைய ஞாயிறு இரவில் முடியும்படி வைப்பார்கள். அங்கே கிழக்குக் கரையில் கோடைக்கால இரவு 9 மணி என்றால் நமக்குத் திங்கள் காலை ஆறரை.

இரண்டாவது ஆள் வரவில்லையே என்று ஆளை 'உண்டாக்கும்' யோசனை யாருக்கும் வரும். மச்சானை விட்டு இரண்டு தடவை கேட்கச் சொன்னால் என்ன? வேண்டாம். 2000-இல் ஈபேயில் ஓர் ஓவியம் 25 சென்டில் ஆரம்பித்து 1,35,805 டாலர் வரை போனது. ரிச்சர்ட் டீபன்கார்ன் என்ற புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் வரைந்ததாக இருக்கும் என்று வாங்குபவர்கள் நம்பும்படி குறிப்புகள் தூவியிருந்தார்கள். விற்றவரே வேறு பெயரில் கேட்டிருந்தது தெரியவந்ததும் ஈபே விற்பனையை ரத்து செய்தது. அடுத்த ஆண்டு அவர் மீதும் கூட்டாளிகள் மீதும் குற்ற வழக்கு வந்தது. நம் குழுக்களில் வழக்கு வராது, ஆனால் பிடிபட்டால் அன்றோடு எல்லாக் குழுவிலும் உங்கள் பெயர் முடிந்தது.

நாணயம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டப்படி நூறு வருடத்துக்குக் குறையாமல் பழமையான நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது, வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். அப்பாவின் டப்பாவில் சோழர் காசு இருந்தாலும் சரி, 1918-ஆம் வருட ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் இருந்தாலும் சரி, ஈபேயில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். ஏலமா விலையா என்ற கேள்விக்கே இடமில்லை. அவற்றை உரிமம் உள்ள நாணய ஏல நிறுவனத்திடம் காட்டுங்கள். தோண்டும்போது கிடைத்தது என்று வீட்டில் யாராவது சொன்னால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் வேறு வரும், முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

1940களின் ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்கள் இன்னும் நூறு வருடம் ஆகாதவை. அவற்றில் பாதிதான் வெள்ளி, 11.66 கிராம் எடையில் 5.83 கிராம். அன்றைய வெள்ளி விலையைப் பெருக்கினால் அடித்தள விலை வந்துவிடும். அதற்கு மேல் கொஞ்சம் வைத்து உள்ளூரில் விலை போட்டே விற்கலாம். பளபளப்பாக்கலாம் என்று புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள், தேய்த்த நாணயத்தைச் சேகரிப்பாளர்கள் ஒரே பார்வையில் ஒதுக்கிவிடுவார்கள்.

கடைசியாக, டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கும் 786 எண் நோட்டுக்கும் லட்சக்கணக்கில் தருகிறோம் என்று விளம்பரங்கள் கண்ணில் படும். நீங்கள் படம் போட்டதும் அப்படி ஒருவர் உங்களையே அழைப்பார். விலையை அவரே சொல்வார், நீங்கள் கேட்டதைவிடப் பல மடங்கு. அப்புறம் கமிஷன், வரி, ரிசர்வ் வங்கிக் கட்டணம் என்று முன்பணம் கேட்பார். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் இதைப் பற்றி எச்சரிக்கை அறிக்கையே விட்டது: பழைய நோட்டு, நாணய விற்பனையில் வங்கிக்கு எந்தப் பங்கும் இல்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை. அப்படி அழைப்பு வந்தால் பேச்சை வளர்க்காமல் போனை வைத்துவிட்டு எண்ணை பிளாக் செய்துவிடுங்கள்.